எட்டாம் மாதத்து மூச்சு

யுத்த காலம். மோட்டார் கிடைக்கவில்லை. எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்ட என்னைக் கரமனையிலிருந்து வில்வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மகன் பிறந்ததும் அழுதான். ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு மூச்சுக்கும் முனக ஆரம்பித்தான். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு உயராமல், விலா எலும்புகளுக்கு நடுவே குழிந்தது.

டாக்டரம்மா மலையாளி. எனக்காகத் தமிழில் சொன்னார். "நுரையீரலுக்குள்ளே சின்னச் சின்னக் காத்துப் பைகள் உண்டு. அதோட உள்தோல் இன்னும் முற்றலை. மூச்சு விட்டதும் பை ஒட்டிக்கும். ஓரோ தடவையும் குழந்தை அதைப் பிரிச்சுத் திறக்கணும். பை ஒட்டாம இருக்கத்தான் இப்படி முனகறான்."

"மருந்து கிடையாதா?"

"இல்லை. பிராணவாயு கொடுக்கலாம். மூணு நாள் தாண்டினா உள்தோல் தானே சரியாகும். அதுவரை குழந்தை தளராம இருக்கணும்."

இரண்டாம் நாள் மூச்சு நடுநடுவே நின்றது. நிற்கும்போதெல்லாம் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டச் சொல்லிக்கொடுத்தாள் நாகர்கோவில்காரி நர்ஸ். சுண்டுவேன். உதடு நீலமாகும். பிறகு ஒரு முனகல் வரும். என் விரல் நுனி மரத்துப்போயிற்று.

என் கணவர் அலுவலகத்திலிருந்து நேரே வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"எட்டாம் மாசம் தங்காதுன்னு எல்லாரும் சொல்றா. நம்மாத்துக்கே கொண்டுபோயிடலாமா? ஒரு சொட்டு கங்கா ஜலமாவது..."

"நான் வரலை. நீங்க போங்கோ."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் போகவில்லை. உள்ளே வந்து, குழந்தையின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் முனகல் நின்றது. சுண்டினேன். சத்தமில்லை. மறுபடி சுண்டினேன். போய்விட்டான் என்று நினைத்தேன். அவர் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

டாக்டர் குழலை நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முனக வேண்டிய அவசியம் போயாச்சு," என்றார். "இப்போ பைகள் திறந்தே இருக்கு."

நர்ஸ் குழந்தையின் இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா நனைச்சிருக்கான். மூச்சு தெளிஞ்சாத்தான் இப்படி மூத்திரம் போகும். இனி பயப்படாண்டாம்மா."

என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அன்று சாயங்காலம் பாலாடையில் நாலு சொட்டுப் பால் புகட்டினேன்; மூன்றைத் துப்பிவிட்டான்.

ஐந்து வயதுவரை மழைக்காலந்தோறும் இருமினான். நுரையீரல் இன்னும் வளர்கிறது, பொறுங்கள் என்பார் டாக்டர். பொறுத்தோம். பிறகு இருமல் நின்றது.