கையைத் தூக்கு, என்னைப் பாரு

நடுவர்களின் வாட்ஸப் குழுவில்தான் அந்தச் செய்தி வந்தது. அம்பாசமுத்திரத்தில் சனிக்கிழமை நடக்கவிருந்த மாணவியர் கூடைப்பந்துப் போட்டிக்கு என் பெயரையும் கிரேஸ் அக்காவின் பெயரையும் நடுவர்களாகப் போட்டிருந்தார்கள். அந்த அறிவிப்புக்கு நேர் கீழே, அக்கா காலமான செய்தி. அதற்கு யாரோ ஒரு புண்ணியவான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். தெரியாமல் கை பட்டிருக்கும். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடுகளத்தில் அந்தக் கட்டைவிரலுக்கு ‘நான் தயார், நீ நடத்து’ என்று பொருள். பல வருடங்களாக அதை எனக்குக் காட்டியவர் அக்கா ஒருவர்தான்.

அக்கா பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு டவுணில் இன்னொரு பள்ளியில் அதே வேலை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாகத்தான் இருந்தார். என் வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேச அக்காவை விட்டால் எனக்கும் நாதியில்லை.

அவரை அறிந்த உங்களில் சிலருக்கு அந்த இறுதிப் போட்டி நினைவிருக்கும். பந்தோடு பாய்ந்த பெண் தடுத்து நின்றவள்மேல் மோத, இருவரும் விழுந்தார்கள். அக்காவும் நானும் ஒரே நேரத்தில் விசில் ஊதினோம். நான் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தேன்: தடுத்தவள் குறுக்கே வந்துவிட்டாள், தவறு அவளுடையது. எதிர்ப் பக்கத்தில் அக்கா, மடக்கிய கையால் உள்ளங்கையில் குத்திக் காட்டினார்: மோதியவள்தான் தவறு செய்தாள்.

“ஏலே, இங்கன பாரு! ஒரு ரெப்ரி இடுப்புல கை வச்சு மல்லுக்கு நிக்கா, இன்னொருத்தி குத்து விடுதா!” என்று ஒருவர் கத்த, மைதானமே சிரித்தது. கடைசியில் இரண்டு பிள்ளைகள் பேரிலும் தவறு எழுதினோம்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஆரம்பித்தார்.

“ஏட்டி, விசில் அடிச்சா மொதல்ல கையை மட்டும் தூக்கு. பொறவு என்னைப் பாரு. யாரு பக்கம் நடந்துச்சுன்னு தெரிஞ்சபொறவு அவ மட்டும் மத்ததைக் காட்டட்டும்.”

“நீங்களும் பாக்கலையேக்கா.”

“பாக்கலதான். ஆனா அந்தப் பிள்ளை நின்ன இடத்துலதான் நின்னா.”

“நகந்தாக்கா. நான் பாத்தேன்.”

“கிழிச்ச.”

அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்திலும் எங்கள் கைகள் முரண்படவில்லை. ஆனால் அந்தச் சண்டை மட்டும் ஓயவில்லை. எங்கே போய்த் திரும்பினாலும் பஸ்ஸில் அதை எடுப்போம். அக்கா உள்ளங்கையில் குத்திக் குத்திக் காட்டுவார். முன்சீட்டுக்காரர்கள் பயந்து திரும்பிப் பார்ப்பார்கள்.

“நம்மள யாருக்கும் ஞாபகம் இல்லன்னா, அன்னைக்கு நல்லா ஊதியிருக்கோம்னு அர்த்தம்” என்பார். அடக்கத்துக்கு வந்த நாலைந்து பேரை வைத்துப் பார்த்தால், அக்கா காலமெல்லாம் மிக நன்றாகவே ஊதியிருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறைதான். பெட்டியில் அவருடைய கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார்கள். அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

“உங்களுக்கும் பதிலா வேற ஆளைப் போடட்டுமா மிஸ்?” என்று போட்டி நடத்துகிறவர் கேட்டார். வேண்டாம், வருகிறேன் என்றேன். வீட்டில் இருந்து என்ன செய்ய?

சனிக்கிழமை அம்பாசமுத்திரத்தில் என்னோடு நின்றவள் புதிதாக ஊத வந்த பெண். இரண்டாம் பாதியில், என் கண்முன்னால், அதே மோதல். விசிலை ஊதினேன். கையைத் தூக்கினேன். அப்படியே நின்று எதிர்ப் பக்கம் பார்த்தேன். அக்கா நிற்க வேண்டிய இடத்தில் அந்தப் பெண் நின்றாள்; கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, முறைப்படிதான் செய்தாள். நான் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தேன். யாரும் மறுக்கவில்லை.

கையைத் தூக்கிவிட்டு எதிர்ப் பக்கம் பார்க்கிற அந்த ஒரு நொடி, அதுதான் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது. ஊதுகிற வரைக்கும் அது என்னிடம் இருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் வழக்கம்போல அக்காவுக்கு ஜன்னலோரத்தை விட்டு உட்கார்ந்தேன். சேரன்மகாதேவி தாண்டியதும், “நகந்தாக்கா, நான் பாத்தேன்” என்று பைய சொல்லிப் பார்த்தேன்.

‘கிழிச்ச’ என்று சொல்ல ஆள் இல்லை.