எங்கள் பெயருக்குக் கீழே இருந்த பெயர்

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டியிருந்த அந்தக் கோடையில், எனக்குத் தெரிந்த சாமிகள் ஒருவரையும் நான் நிம்மதியாக இருக்க விடவில்லை. திருச்செங்கோட்டு மலைமேல் இருப்பவரிடம் ஒரு வேண்டுதல், எங்கள் ஊர் எல்லையில் இருப்பவரிடம் அதே வேண்டுதல். இரண்டு இடத்தில் சொல்லி வைத்தால் ஏதாவது ஒரு பக்கம் காரியம் ஆகும் என்பது என் கணக்கு.

வேண்டுதல் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தனியார் பள்ளி இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டப்படி எங்களைப் போன்ற குறைந்த வருமானக்காரர்களின் பிள்ளைகளுக்கு அங்கே எட்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். கேட்டவர்களோ அதைப்போல் பல மடங்கு. அதனால் குலுக்கல். அந்தக் குலுக்கலில் என் மகளின் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான்.

அரசுப் பள்ளி ஒன்றும் இருந்தது. ஊருக்கு மேற்கே, இரண்டு வேப்பமரத்துக்கு நடுவில். அப்போது அதில் பிள்ளைகள் மிகவும் குறைவு. மே மாத வெயிலில் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியையும் இன்னொரு டீச்சரும் கையில் துண்டுப் பிரசுரத்தோடு வீடு வீடாக வருவார்கள். அவர்கள் எங்கள் தெருவில் திரும்புவதைப் பார்த்ததும் நான் மகளை உள்ளே அனுப்பிவிட்டு, வீட்டில் படிக்கிற வயதில் யாருமில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். உள்ளேயிருந்து அவள் சத்தமாக ஒன்று, இரண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே ஒரு பிரசுரத்தைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

என் கணவர் ரிக் லாரியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டி தை பிறந்தால் வடக்கே ஏறிவிடும். அங்கே மழை பிடித்து வேலை நின்ற பிறகுதான் ஊர் திரும்பும். நான் பி.ஏ. தமிழ் படித்துவிட்டுக் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவள். தமிழுக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம், இரண்டையும் பதனமாகத்தான் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். பிள்ளையாவது நல்ல பள்ளியில் படிக்கட்டும் என்ற ஆசை எனக்குக் கொஞ்சம் வெறியாகவே இருந்தது.

குலுக்கல் அன்று பள்ளியின் கூடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் சீட்டுகளைப் போட்டு, முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். எட்டுச் சீட்டு எடுத்து முடித்தும் எங்கள் பெயர் வரவில்லை. பிறகு காத்திருப்போர் பட்டியலுக்கு எடுத்தார்கள். இரண்டாவது பெயர் என் மகளுடையது. மூன்றாவது பெயரைப் படித்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் நிமிர்ந்தார். தறிப்பட்டறையில் வேலை செய்கிறவர் என்று அதற்கு முன்பே பேச்சில் தெரிந்திருந்தது. நானும் பண்ணையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். இப்போது நாம் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி ஆகிவிட்டோம் என்று சொல்லி அவர் சிரித்தார். நான் பாதிதான் சிரித்தேன்.

அந்தப் பாதிச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. முதல் எண்காரர் குடும்பம் எங்காவது வெளியூர் போய்விடாதா என்று அந்த நிமிடமே நான் நினைக்க ஆரம்பித்திருந்தேன். அப்படியென்றால் எனக்குப் பின்னால் இருக்கிற இந்த அம்மாவும் என்னைப் பற்றி அப்படித்தானே நினைப்பார்? இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம்தான். ஆனால் பட்டியலில் நிற்கிறவர்கள் மனசு அப்படித்தான் போகிறது.

பத்து நாள் கழித்து, தேர்வான ஒரு பிள்ளையின் குடும்பம் ஆத்தூருக்குக் குடிபோனது. முதல் எண் உள்ளே போனது. எங்களுக்கு முன்னால் இனி யாரும் இல்லை. அதன் பிறகு தினமும் பண்ணை முடிந்து வரும்போது பள்ளியின் அறிவிப்புப் பலகையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஒன்றும் இருக்காது. பிறகு பண்ணையில் தடுப்பூசி போடும் வேலை வந்தது. அந்த நாட்களில் இருட்டுவதற்கு முன்னால் வெளியே வர முடியாது. வருகிறபோது பள்ளியின் கேட் பூட்டியிருக்கும்.

அப்படி ஒரு மதியம், மூன்று மணி இருக்கும், முட்டையைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ என்னைத் தேடி வந்திருப்பதாகக் காவல்காரர் வந்து சொன்னார். பண்ணைக்குள் வெளியாட்களை விடமாட்டோம், கோழிக்கு நோய் வந்துவிடும். நான் கேட்டுக்குப் போனேன். மூன்றாம் எண்ணின் அம்மா மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"ஏனுங்க, பள்ளிக்கூடத்துல இருந்து உங்களக் கூப்புட்டாங்களா இல்லீங்களா?" என்றார்.

இல்லை என்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். இன்னொரு இடம் காலியாகி மூன்று நாள் ஆகிறதாம். என் கணவர் எண்ணுக்குச் செய்தி அனுப்பினார்களாம், இரண்டு முறை கூப்பிட்டும் பார்த்தார்களாம். பதில் இல்லை. இன்று நாலு மணியோடு கெடு முடிகிறது. இரண்டாம் எண் வராததால் மூன்றாம் எண்ணை வரச் சொல்லிவிட்டார்கள். அவரும் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறார். போய்ப் பலகையில் எங்கள் பெயரும் நாலு மணிக் கெடுவும் இன்னும் அடிக்கப்படாமல் இருப்பதைப் பார்த்ததும் ஆபீசுக்குள் நுழையாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

விண்ணப்பத்தில் என் கணவரின் எண்ணைக் கொடுத்தது நான்தான். எங்கள் வீட்டில் ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் எல்லாமே அவர் எண்ணில்தான் இருக்கின்றன. ரிக்குக்குப் போகிற எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஆள் ஏதோ காட்டில் துளை போட்டுக்கொண்டிருப்பார், சிலிண்டர் வந்த தகவல் அவருக்குப் போகும். செய்தியை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்திருக்கிறார். கோடை வந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் ஒன்று விடாமல் 'அட்மிஷன்' என்று விளம்பரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்து அழித்துவிட்டார். இது எனக்குப் பிறகு தெரிந்தது. தெரிந்த அன்று அவருக்குப் போனில் கிடைத்த மரியாதையை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் எண்ணின் அம்மா மொபெட்டைக் கிளப்பி, "ஏறுங்க, போறப்ப பேசிக்கலாமுங்க" என்றார். கை கழுவக்கூட இல்லை, ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். நான் தேட, அவர் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார். பக்கத்து வீட்டில் தம்பியோடு விளையாடிக்கொண்டிருந்த மகளையும் அவரே போய்க் கூட்டிவந்து வண்டியின் முன்னால் நிறுத்திக்கொண்டார்.

பள்ளிக்குள் போனபோது நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஆபீசில் இருந்தவர் அவரைப் பார்த்து, வந்துவிட்டீர்களா, உட்காருங்கள் என்றார். "ரெண்டாம் நம்பரு வந்துட்டாங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். நான் உட்கார்ந்தேன். படிவத்தை நிரப்பினேன். மகளின் புகைப்படத்தை ஒட்டச் சொன்னார்கள். அங்கே இருந்த கோந்து காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. சுவரோரம் நின்றவர் தன் பையைத் திறந்து ஒரு சின்னக் கோந்துப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். புதுப் புட்டி, மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை. தன் மகளின் படத்தை ஒட்டுவதற்காக வரும் வழியில் வாங்கியிருக்கிறார்.

அந்தக் கோந்தால்தான் என் மகளின் படத்தை ஒட்டினேன்.

ஒரு பேச்சுக்காவது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் சரி என்று எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. வெளியே வந்த பிறகு, எதற்காக வந்து சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அந்தச் சொல் போதாது என்று நினைத்தேனோ, குற்ற உணர்வோ, இரண்டும்தான்.

"தெரியாமப் போயிருந்தாப் பரவால்லீங்க. பலகையப் பாத்துப் போட்டனுங்களே. அதுக்கப்புறம் எப்புடிங்க?" என்றார். என் மகளின் கன்னத்தைத் தொட்டு, "நல்லாப் படிக்கோணும் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவருடைய மகள் அந்த இரண்டு வேப்பமரப் பள்ளியில் சேர்ந்தாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் நன்றாகவே படிக்கிறாள். அந்தப் பள்ளியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த மூன்று வருடத்தில் வேப்பமரப் பள்ளியும் ஆளே மாறிவிட்டது. காலையிலேயே அங்கே சூடாகச் சாப்பாடு போடுகிறார்கள். ஆங்கில வழிப் பிரிவு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெயிலில் துண்டுப் பிரசுரம் கொடுத்த அதே தலைமை ஆசிரியை பிள்ளைகளை நன்றாக வாசிக்க வைக்கிறார். ஒருநாள் சந்தையில் பார்த்தபோது மூன்றாம் எண்ணின் மகள் ஜவ்வரிசிப் பையில் அச்சிட்டிருந்ததை இரண்டு மொழியிலும் கடகடவென்று படித்துக் காட்டினாள். நான் அசந்துபோனேன். வேனில் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. மூன்றாம் எண்ணின் அம்மாவை அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இந்த வருடம் என் மகன் ஒன்றாம் வகுப்புக்கு வந்தான். குலுக்கலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இவனை அங்கேயே சேர்ப்போம் என்று நானே முடிவு செய்து, ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவளைப் போல அந்தப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை என்னை அடையாளம் கண்டுகொண்டார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆங்கில வழிப் பிரிவில் பிள்ளைகளை உட்கார வைக்க இடமில்லை, இன்னொரு பிரிவுக்கு அனுமதி கேட்டிருக்கிறோம், அதுவரை பெயரை எழுதி வைக்கிறோம் என்றார். நோட்டில் எழுதிக்கொண்டார். ஆறாவது பெயர்.

வாசலிலிருந்து நான் திருப்பி அனுப்பிய பள்ளியில் என் பிள்ளைக்குக் காத்திருப்போர் பட்டியல். எனக்கு இது வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் ஒரு தட்டு முட்டையோடு, ஊரின் மறுகோடியில் இருக்கும் மூன்றாம் எண்ணின் அம்மா வீட்டுக்குப் போனேன். இந்த மூன்று வருடத்தில் எங்களுக்குள் நல்ல பழக்கம். அவர் டீ வைத்துக் கொடுத்தார். நான் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். ஆறு என்பதை ஒன்று இரண்டாக மாற்ற முடியுமா என்று நேரடியாகக் கேட்கவில்லை. தலைவி ஒரு வார்த்தை சொன்னால் டீச்சர் கேட்பார்கள் இல்லையா என்று மட்டும் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு உங்களக் கூப்புட வந்தது பட்டியலப் பாத்துத்தானுங்க. இன்னிக்கும் பட்டியலப் பாத்துத்தானுங்க சொல்லோணும். நீங்க ஆறு" என்றார். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "முட்டைய வெச்சுட்டுப் போங்க, கொழந்தைங்க திங்கட்டும். அது வேற, இது வேற" என்றார்.

பஸ் நிறுத்தம் வரை எனக்கு ஆத்திரம்தான். இத்தனை நாள் பழகி என்ன பிரயோசனம், ஒரு பதவி வந்ததும் பேச்சைப் பார் என்று திட்டிக்கொண்டே நடந்தேன். நிறுத்தத்தில் நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் புத்தி வந்தது. வேண்டியவர்களுக்காகப் பட்டியலைக் கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்துகிறவராக அவர் இருந்திருந்தால், அன்று மதியம் பண்ணைக்கு வந்தே இருக்க மாட்டார். தன் சொந்த மகளைவிட அவருக்கு வேண்டியவர் யார்? என் மகள் இன்று உட்கார்ந்திருக்கிற இடமே அந்தப் பிடிவாதத்தில் கிடைத்ததுதான். மகளுக்கு என்றால் அது நல்ல குணம், மகனுக்கு என்றால் திமிரா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதைவிட அதிகமாக, இப்படி ஒரு ஆள் நம் ஊரில் இருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது.

எங்கள் வீட்டுப் பக்கம் போகிற சங்ககிரி பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை, திரும்பி நடந்தேன். அவர் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், எதையாவது மறந்து வைத்துவிட்டேனா என்று கேட்டார்.

"நன்றி சொல்ல வந்தனுங்க" என்றேன்.

"எதுக்குங்க, அன்னிக்கு வந்ததுக்கா?"

"இல்லீங்க. ஆறுன்னு சொன்னீங்களே, அதுக்கு."