கஞ்சிப் பதத்தில் ஒரு மாத்திரை

பி.பார்ம் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ராசிபுரம் பக்கத்தில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "மெடிக்கல் எங்க வெக்கப்போற?" மருந்தின் தரத்தைச் சோதிக்கும் வேலை இருக்கிறது, ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டைச் சரிபார்க்கும் வேலை இருக்கிறது, எந்த மருந்தால் யாருக்கு என்ன பக்கவிளைவு வந்தது என்று துப்புத் துலக்கும் வேலைகூட இருக்கிறது என்று மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பேன். "செரி செரி, கடை எங்க?" என்பார்கள்.

அப்பாவிடம் அந்தக் கேள்விக்குப் பதிலே இருந்தது. நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போதே பஸ் நிறுத்தத்தை ஒட்டிய எங்கள் இடத்தில் ஓர் அறை கட்டி ஷட்டரும் போட்டுவிட்டார். போர்டு எழுதுகிறவர் கடைக்கு என்ன பெயர் என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கோ மருந்து செய்யும் இடத்துக்குப் போக ஆசை. கடையில் உட்காருவது கேவலம் என்றில்லை. மாத்திரைக்குள் என்ன நடக்கிறது என்று நோண்டிப் பார்க்கும் என் அரிப்பு அங்கே அடங்காது.

கடைசி வருஷம் ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனி நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"உன்ற புராஜெக்டு காட்டற அன்னிக்கு நானும் வாரேன் சாமி. அப்படி என்னதான் பண்றீன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்த புராஜெக்ட் எங்கள் காட்டிலேயே விளைந்தது. மாத்திரையில் மருந்து மட்டும் இருப்பதில்லை. பொடியை ஒட்டவைக்கவும், வயிற்றுக்குள் போனதும் உடைக்கவும் ஸ்டார்ச் சேர்ப்பார்கள். கல்லூரி லேபில் இருந்தது மக்காச்சோள ஸ்டார்ச். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி லாரி லாரியாக ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் ஊரில் பிறந்துவிட்டு நான் சோளத்தைத் தேடுவதா? ரோஷம் வந்துவிட்டது. அப்பா பிடுங்கிப் போட்ட கிழங்கை அரைத்து, துணியில் வடிகட்டி, தெளியவைத்து, காயவைத்து, வெள்ளை வெளேரென்ற மாவோடு சேலத்தில் இருக்கும் கல்லூரிக்கு பஸ் ஏறினேன்.

முதல் தடவை சொதப்பினேன். வீட்டில் அப்பாவின் வேட்டிக்கு இதே மாவில்தான் கஞ்சி போடுவோம். வேட்டி மொடமொடவென்று நிற்க வேண்டும், அதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. அதே கைப்பழக்கத்தில் மாவு முழுவதையும் கெட்டியாகக் காய்ச்சி, மருந்துப் பொடியில் பிசைந்து, உலர்த்தி, மாத்திரை அடித்தேன். பளபளவென்று அழகாக வந்தன. உடைகிறதா என்று சோதிக்கும் கருவியில் போட்டோம். உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீருக்குள் கண்ணாடிக் குழாய்கள் ஏறி இறங்கும். கால் மணி நேரத்துக்குள் மாத்திரை உதிர்ந்துவிட வேண்டும். என்னுடையவை நன்றாகக் குளித்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. பேராசிரியை எட்டிப் பார்த்து, "இதை வெச்சு வீடே கட்டலாம்மா" என்றார்.

அழுகையாக வந்தது. மறுநாள் ஹாஸ்டலில் துணி அலசும்போதுதான் சட்டென்று உறைத்தது. வேட்டியைப் பிடித்து நிறுத்துவது வெந்த மாவு. வெந்தது ஒட்டும்; வேகாததுதான் தண்ணீர் குடித்து உப்பும், உப்பினால் உடைக்கும். பாதியைக் கஞ்சியாக்கி, மீதியைப் பச்சையாகவே கடைசியில் கலந்தால்? ஈரக் கையோடு லேபுக்கு ஓடினேன். ஆனால் மாத்திரை அடிக்கும் மிஷின் கிடைத்தது அப்பா வருவதற்கு முந்தின சாயங்காலம்தான். சோதித்துப் பார்க்க நேரமில்லை.

அப்பா அதே மொடமொட வேட்டியில் வந்து கருவியின் முன்னால் நின்றார். மாத்திரைகளைப் போட்டேன். குழாய்கள் ஏறின, இறங்கின. ஒன்றும் நடக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். திடீரென்று ஒரு மாத்திரையின் ஓரம் விரிந்து பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. தண்ணீர் பாலாக வெளுத்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன்.

"ஒடைச்சது நம்ம கெழங்கா?"

"ஆமாங்கப்பா. தண்ணி பட்டதும் உப்பி ஒடைக்குதுங்க."

"ஒடையலைன்னா?"

"முழுங்குனது அப்படியே வெளிய போயிருமுங்க. நோவு தீராது."

அப்பா சட்டைப் பையிலிருந்து தன் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக விழுங்குகிறார். அதை ஒருவர் யோசித்துச் செய்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். "இன்னொருக்கா போடு சாமி" என்றார். போட்டேன். இரண்டாம் முறையும் உதிரும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தார்.

அப்போது அவர் போன் அடித்தது. போர்டு எழுதுகிறவர்தான். கடைக்கு என்ன பெயர் எழுத என்று கேட்டது எனக்கே கேட்டது.

"பேரு எழுத வேண்டாமுங்க" என்றார் அப்பா. "எம்பொண்ணு மருந்து விக்கப் போறதில்லீங்க. பண்ணப் போறா."