மார்க் போட்ட பிட்

அந்த விடைத்தாளில் இதயத்திலிருந்து கிளம்பிய இரத்தம் நுரையீரல் வரைக்கும் வந்து, வாக்கியம் முடியாமலேயே நின்றுவிட்டது. அதுவரைக்கும் எழுதியிருந்த ஆறு வரிகளில் ஒரு பிழை கிடையாது. எழுதியவன் ஒன்பதாம் வகுப்பு. கேள்வியோ, எவனுக்காவது தெரிகிறதா பார்ப்போம் என்று நான் வேண்டுமென்றே பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்துக் கேட்டது. எதையும் துருவித் துருவிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்தப் பயலுக்கு இது எப்படித் தெரியும்?

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மாலை வகுப்புக்கு நான் வாத்தியார். பள்ளிக்கூடத்தை விட்டு எந்த நேரமும் நின்றுவிடக்கூடிய பையன்கள் முப்பது பேர். ஒரு மணி நேரம் பாடம், அரை மணி நேரம் நல்லொழுக்கம். தீபாவளி சீசனில் ஒருவன் தொடர்ந்து நாலு நாள் வகுப்புக்கு வரவில்லை என்றால், அடுத்த திங்கட்கிழமை பட்டாசுக் கம்பெனி வேனில் அவன் உட்கார்ந்திருப்பான் என்று அர்த்தம். ஏறினவன் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

சந்தேகப்பட்டு அவன் சட்டைப் பையில் கையை விட்டேன். மடித்த தாள் ஒன்று வந்தது. வேறு யாருடைய கையெழுத்திலோ அதே ஆறு வரிகள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமை எனக்குத் தலைக்கேறிவிட்டது. நல்லொழுக்க நேரத்தில் அவனை எழுப்பி நிறுத்தி, நேர்மையைப் பற்றி அரை மணி நேரம் பொழிந்து தள்ளினேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

மூன்றாம் நாள் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் சரிக்குறி, பக்கத்தில் மார்க். பிட்டுக்கு எந்த வாத்தியாராவது மார்க் போடுவாரா? தாளின் அடிப்பக்கம் வேறு, மெஷினில் வெட்டியது மாதிரி நேராக இருந்தது. மனசு கேட்காமல் அவன் வீட்டுக்குப் போனேன்.

அவனும் அவன் அம்மாவும் வெடிக்கான வெறும் காகிதக் குழாய்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கட்டுக் கட்டாக, மார்க் போட்ட பழைய பரீட்சை விடைத்தாள்கள். அவற்றை எடைக்கு வாங்கி, துண்டு போட்டு, குழாய் சுற்ற வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் ஊரறிந்த சங்கதி. எனக்கும் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லையே, அதுதான் வயிற்றெரிச்சல். அவன் ஒவ்வொரு துண்டையும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் பசை தடவினான். பிடித்துப்போனதைப் பையில் போட்டுக்கொண்டான்.

இதயம் பற்றிக் கேட்டேன். குழாயைச் சுற்றிக்கொண்டே ஆறு வரிகளையும் ஒப்பித்தவன், நுரையீரல் வந்ததும் நின்றான். மிச்சம் எங்கே என்றேன்.

"அம்புட்டுதான் சார் இருந்துச்சு. மிச்சம் வேற வீட்டுக்குப் போயிருக்கும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மகன் களவாணி இல்லை என்று இருக்கன்குடி மாரியம்மன் மேல் சத்தியம் செய்து தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாராம் அந்த அம்மா. பட்டாசுக் கம்பெனி ஏஜெண்டு வந்து பையனை வேலைக்குக் கேட்டுவிட்டுப் போனதையும், திங்கட்கிழமை அனுப்புவதாகத் தலையாட்டிவிட்டதையும் சொன்னார். தப்பு என்மேல்தான், நாளைக்கு வந்துவிடு என்று அவனிடம் கெஞ்சினேன். அவன் நிமிரவில்லை.

"எல்லாப் பயலுக முன்னாடியும் வச்சுத்தான சார் சொன்னீக. இதையும் அங்கன வந்து சொல்லுங்க."

மறுநாள் மாலை வந்தான். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. உள்ளேயிருந்த பையன்கள் அவனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். இவன் பிட் அடிக்கவில்லை, விசாரிக்காமல் பழி போட்டது நான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். இன்றைக்கும் மறக்காமல் இருப்பது அந்த ஒரு நிமிஷம்தான்.

அவன் கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டான். அப்புறம்தான் செருப்பைக் கழற்றினான்.