ஹாலில் ஒரு கக்கூஸ்

கருவாயா, இன்றைக்கு ஜனக்புரி மேடம் வீட்டில் நடந்ததைக் கேள்.

வேலைக்குப் போனால், ஹாலில் சோபாவுக்கு நடுவே ஒரு மரக் கக்கூஸ். மேடம் மலையில் மண்ணும் மூங்கிலும் வைத்துக் குடில் கட்டி வாடகைக்கு விடப்போகிறார். அங்கே வைக்கப்போகிற கக்கூசுக்கு இது மாதிரியாம்.

"ஏறி உக்காரு செல்வி, உயரம் பாக்கணும்."

புடவையோடு உட்கார்ந்தேன். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த சார், "அச்சா இருக்கா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு சார். தண்ணி எங்க?"

"தண்ணியே கிடையாது," என்றார் மேடம். "ஒரு கை மரத்தூள் போட்டா போதும், நாத்தம் வராது. எல்லாம் எருவாயிடும். உன் வீட்டுக்காரர் பட்டறைத் தூள் ஒரு மூட்டை இருக்குன்னியே, குடேன்!"

நீ கண்ணை மூடியபின் உன் தச்சுப் பட்டறையிலிருந்து நான் எடுத்துவந்தது அது ஒன்றுதான். அவிழ்த்தால் உன் சட்டை வாசம் வரும்.

கக்கூசில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். மேடம் பதறிப்போய், "ஆணி குத்திடுச்சா?" என்றார்.

யார் யாரோ வந்து போகிற கக்கூசுக்கு உன்னை அனுப்ப மனசில்லை. வீட்டில் வைத்து எலி பிறாண்ட விடவும் மனசில்லை.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரித்து முடித்தபின் குடு என்பாயா, வேண்டாம் என்பாயா?