பினாங்குப் பொட்டணம்

முதல் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டாவது தங்கியது தெரிந்தபோது என் வீட்டுக்காரர் பினாங்கு வேலைக்குத் திரும்பியிருந்தார். கடிதம் கண்டதும், ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் சீனன் மருந்துக்கடைப் பொட்டணங்கள் சிலவற்றைக் கொடுத்தனுப்பினார். பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லதாம். உள்ளே வேர், பட்டை, சிவப்பாய்க் காய்ந்த ஏதோ பழம். மேல்தாளில் சீன எழுத்து. வண்டியூரில் அதை யார் படிப்பது?

என் மாமியாருக்குக் கப்பலில் வந்தது எதுவானாலும் அமிர்தம். அன்றைக்கே காய்ச்சிக் கொடுத்தார். மடமடவென்று குடித்தேன். மத்தியானத்துக்குள் அடிவயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. சேலையில் ஒரு சொட்டு ரத்தம். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

மருந்தாலா, வேறெதனாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் மாமியார் காய்ச்சித் தந்ததை வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் எந்த மருமகளுக்கு வாய் இருந்தது? மறுநாளிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போவேன். வாழைக்கு ஊற்றிவிட்டு, முகத்தைச் சுளித்தபடி திரும்புவேன். "குடிச்சிட்டேன் அத்தே." நடிப்பில் நான் யாருக்கும் சளைத்தவளில்லை. ஆனாலும் பிள்ளை பிறக்கும்வரை, விடிந்ததும் சேலையைத்தான் முதலில் பார்த்தேன்.

ஆண்பிள்ளை பிறந்தான், கொழுகொழுவென்று. மாமியார் சீன மருந்தின் பெருமையைத் தெரு முழுக்கச் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

பதினாறாம் நாள் பிள்ளைக்குக் காப்புப் போட என் நாத்தனார் பேரையூரிலிருந்து வந்தார். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, அப்போதுதான் மூன்று மாதமாக முழுகாமல் இருந்தார். மாமியார் பொட்டணத்தில் மிச்சம் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அடுப்பிலிருந்து அந்த வாடை வந்ததும் பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

"இந்தாத்தா, குடி. ஒன் தம்பி பொண்டாட்டி இதக் குடிச்சுத்தான் சிங்கக்குட்டி கணக்கா பெத்திருக்கா" என்று மாமியார் மகளிடம் டம்ளரை நீட்டினார்.

சொன்னால் இனி அந்த வீட்டில் தலைநிமிர முடியாது. சொல்லாவிட்டால்?

"குடிக்காதீங்க மதினி!" என்று கத்திவிட்டேன். "நான் குடிக்கல. ஒருநாள் குடிச்சதுக்கே ரத்தம் பட்டுச்சு. மிச்சத்தையெல்லாம் வாழைக்குத்தான் ஊத்துனேன்."

மாமியார் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை, மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரமே அம்மா ஒரு பொட்டணம் குடுத்துவிட்டுச்சே. அம்புட்டையும் குடிச்சிட்டேனே" என்றார்.