முட்டிக்கு ஒரு தலையணை

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு சின்னத் தலையணை இருக்கிறது. கட்டம் போட்ட பழைய கைலித் துணியில் கையால் தைத்தது, உள்ளே இலவம் பஞ்சு. தலைக்குப் போதாது; முழங்காலுக்கு என்று தைத்தது. கைக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் கொஞ்சம்கூட அமுங்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிறது.

தந்தவர், தி.நகரில் எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கி டீ கொடுத்துக்கொண்டிருந்தவர். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் அலுவலகம் முழுவதற்கும் அவர் அக்கா. அடையாற்றங்கரையில் இருந்த அவர் வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், இரண்டு பஸ் மாறி எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவார். பெயின்டரான அவர் கணவர் குடியில் விழுந்து கிடந்தார். என் மேஜையில் இருந்த பைபிள் வசன காலண்டரைப் பார்த்துவிட்டு ஒருநாள் டீயோடு நின்றார். "சார், வடபழனி முருகன் கைல நான் கேட்டுக்கினு தான் கீறேன். உங்க சாமி கைல நீங்க ஒரு வார்த்தை கேளுங்க. அந்த ஆளு குடிய வுடணும்." நான் அவர் கணவரின் பெயரைக் கேட்டு டைரியில் எழுதிக்கொண்டேன். "தினமும் முழங்கால்ல நின்னு ஜெபிக்கிறேன்க்கா" என்றேன்.

ஒருநாள்கூட ஜெபிக்கவில்லை.

மயிலாப்பூரில் எங்கள் சபையின் ஜெபக்குழுவுக்கு நான்தான் செயலாளர். மைக்கைக் கையில் கொடுத்தால் இருபது நிமிடம் உருகி ஜெபிப்பேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். வீட்டில் தனியாக முழங்காலில் நின்றால் இரண்டே நிமிடத்தில் மனசு பனகல் பார்க் சிக்னலுக்குப் போய்விடும். ஜெபம் என்பது போராட்டம், மனசை இழுத்துப் பிடித்து உட்கார வைக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு வாய் கிழியச் சொல்வேன். நானோ எழுந்து பேப்பர் படிக்கப் போய்விடுவேன். அக்கா மாத்திரம் வாராவாரம் "பண்றீங்களா சார்?" என்று கேட்பார். "தினமும்க்கா" என்பேன், கூசாமல்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று போதகர் அழைத்தபோது, பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்து வந்தார். நெற்றியில் விபூதி, கையில் மஞ்சப்பை. நான் எப்போதோ சொல்லியிருந்த சபையை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். "எங்க வூட்டுக்காரர, குடிய வுடணும்னு மூணு வாட்டி ஆஸ்பத்திரில சேத்தேன், மூணு வாட்டியும் ஓடியாந்துட்டாரு. எக்கேடோ கெடட்டும்னு வுட்டுட்டேன். அப்பால சார் நெனப்பு வந்துச்சு. அவரு நமக்கோசரம் முட்டி போட்டுக்கினு கீறாரே, நாம வுட்டா அவரு வேண்டுனதுலாம் வீணாப் போவுமேன்னு நாலாவது வாட்டி இட்டுக்கினு போனேன். இப்ப தொடறதில்ல." பையிலிருந்து தலையணையை எடுத்து என் கையில் கொடுத்தார். "அவரு கைலிதான் சார். முட்டி வலிக்கும்ல, இது மேல போட்டுக்கோங்க."

சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. எல்லோர் கண்ணும் என்மேல். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கை கூப்பி, தலை தாழ்த்தி, "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்றேன். எங்களுக்குப் பழகிப்போன வார்த்தை. புகழை வேண்டாம் என்பதுபோல் சொல்லி, முழுசாக வாங்கி வைத்துக்கொண்டேன். பொய் சொன்னதைவிட அந்தத் தாழ்மைதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

மூன்று வாரம் தாங்கினேன். பிறகு ஒரு மத்தியானம், அவர் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெசமாவா சார்? அப்ப நாலாவது வாட்டி நான் ஒருத்தியேவா போனேன்?"

கடவுள் உங்களோடு வந்தார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் மீதி டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்தார். மறுநாளும் அதே நேரத்துக்கு டீ வந்தது, சர்க்கரை குறைவாக, எனக்குப் பிடித்த மாதிரியே. "பண்றீங்களா சார்?" மட்டும் அதற்குப் பிறகு வரவே இல்லை. போன வருடம் வீட்டுப் பக்கத்திலேயே வேலை கிடைத்துப் போய்விட்டார்.

ஜெபக்குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன். காரணம் கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னேன். பாதிப்பேர் அதையும் தாழ்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். இப்போது தினமும் காலையில் அக்காவின் பெயரையும் அவர் கணவரின் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். மனசு இன்னமும் சிக்னலுக்கு ஓடுகிறது. போய் இழுத்துக்கொண்டு வருகிறேன். இது அக்காவுக்குத் தெரியாது. சொன்னால் நம்புவதற்கு நான் என்ன மிச்சம் வைத்திருக்கிறேன்?

தலையணையை எடுப்பதில்லை. அது அவருக்காக ஏழெட்டு மாதம் முழங்காலில் நின்ற ஒருவருக்காகத் தைத்தது. நான் வெறும் தரையில்தான் நிற்கிறேன். அக்கா சொன்னது சரிதான், முட்டி வலிக்கிறது.